தாழி ஏழில் ஒரு கல்

ஜனவரி 20, திங்கள்

நரியம்பொட்டலில் இரண்டாவது பருவ அகழாய்வு இன்று தொடங்கியது. எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் ஏற்றி, முதல் மண்வெட்டியை நானே போட்டேன். போன வருடமும் இப்படித்தான் போட்டேன். சாக்குச் சாக்காக உடைந்த பானை ஓடுதான் வந்தது.

இயக்குநர் சென்னையிலிருந்து காலையிலேயே பேசிவிட்டார். ஏப்ரலில் மறுஆய்வுக் கூட்டம். அதற்குள் இந்தப் பொட்டலிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது வரவேண்டும். வராவிட்டால் குழியை மூடி, ஆட்களையும் கருவிகளையும் ஆலங்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். மூடிய குழியை எங்கள் துறை மறுபடி திறந்ததாகச் சரித்திரம் இல்லை. இத்தனை வருட வேலையில் நானே வெயிலில் அலைந்து கண்டுபிடித்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரே இடம் இது.

ஆலங்கரை, என்னோடு முதுகலை படித்த சற்குணத்தின் இடம். அங்கே தங்கமணி கிடைத்தது, எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்தது, அமைச்சர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாது. அந்தத் தங்கமணி மிளகு அளவுதான் இருக்கும் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

சாயங்காலம் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்காரரிடம் பேசினேன். இவருக்கு இடுப்பில் வலியாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறவருக்கு இடுப்பு வலிக்காமல் பல்லா வலிக்கும்? ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆறு முதுமக்கள் தாழிகள் வந்துவிட்டன. ஆறும் உடைசல். உள்ளே மண்ணும் வேரும். ஏழாவதின் வாய் மட்டும் முழுசாகத் தெரிகிறது. இதை வெளியே எழுதினால் கண்ணேறு பட்டுவிடும் என்று இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தாழி ஏழு ஏமாற்றவில்லை.

மேலே மண்டையோடு, அதன்கீழ் கை கால் எலும்புகள் அடுக்கியபடி. இறந்தவரை முதலில் வெளியில் கிடத்தி, சதை போன பிறகு எலும்பை மட்டும் பொறுக்கித் தாழியில் வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. இது அப்படி வைத்ததுதான். இடுப்பெலும்பைப் பார்த்தால் ஆண், நடுத்தர வயது. எலும்புகளுக்குப் பக்கத்தில், தாழியின் சுவரை ஒட்டி, ஒரு சின்னக் கருப்பு சிவப்புக் கிண்ணம். அதற்கு மூடி. மூடியின் விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்திருக்கிறார்கள்.

மூடியை எடுக்கும்போது குழியைச் சுற்றி எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே ஒரு கல். நெல்லிக்காய் அளவு, உருண்டை, மங்கிய பழுப்பு நிறம். அடியில் கொஞ்சம் பொடி உதிர்ந்து கிடந்தது. மண் அள்ளும் பெண்களுக்குத் தலைவியான சீனித்தாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பாடுபட்டு மூடி வச்சிருக்கான், உள்ள ஒரு கொழுக்கட்டையாவது இருக்கும்னு பாத்தேன் மேடம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிருந்தது.

நிறுத்துப் பார்த்தேன். பழைய எடைக்கற்களின் வரிசையில் கச்சிதமாக உட்கார்ந்தது. எடைக்கல்தான், வேறென்ன? வியாபாரி ஒருவன் தன் தராசுக்கல்லோடு போய்ச் சேர்ந்திருக்கிறான். இந்தப் பொட்டல் வழியாக வாணிபம் நடந்திருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

இயக்குநருக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். உள்ளூர் நிருபர் வந்தார். "நரியம்பொட்டலில் பழங்கால வணிகரின் எடைக்கல்" என்று நாளைக்கு வருமாம். போட்டோவில் என் தலைமுடி பரட்டையாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவர் இன்று இங்கே வருவதாக இருந்தது. நேரில் கல்லைக் காட்டலாம் என்று காத்திருந்தேன். கடைசி நேரத்தில் போன் செய்து, வண்டியில் கிளட்ச் போய்விட்டது என்றார். மூன்று வண்டி வைத்திருக்கிறவர் ஒன்றில் கிளட்ச் போனால் வரமாட்டாரா? கோபத்தில் சரியாகப் பேசாமல் வைத்துவிட்டேன். குரல் கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருந்தது. தூக்கம் இல்லாமல் இருக்கும்.

பிப்ரவரி 27, வியாழன்

எஸ்தர் என் விடுதித் தோழி, இப்போது பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பேராசிரியை. எந்தப் பொருளின்மீதும் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அது சிதறுவதை வைத்து இன்ன படிகம் என்று சொல்லும் இயந்திரம் அவளிடம் இருக்கிறது. கல்லை வெட்டிக் கொடு என்றாள். செத்தாலும் மாட்டேன் என்று சொல்லி, கிண்ணத்தின் அடியில் உதிர்ந்திருந்த பொடியை மட்டும் கொடுத்திருந்தேன். எந்த ஊர்ப் பாறை என்று தெரிந்தால் வியாபாரி எங்கிருந்து வந்தான் என்று சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு.

இன்று கூப்பிட்டாள். "வடிவு, இது பாறையே கிடையாது. கால்சியம் ஆக்சலேட். பாறை மேல பாசி வளந்தா மேல்தோல்ல லேசா வரும். இது சுத்தமா அதுவாவே இருக்கு. எடைக்கல்லுன்னு எழுதுனதை முதல்ல நிறுத்து. நான் சொல்லுதத முழுசாக் கேளு, இது வந்து..."

நான் கேட்கவில்லை. உன் ஆய்வகத்துப் பையன்கள் எதையாவது கலந்திருப்பார்கள், ஊரெல்லாம் செய்தி வந்த பிறகு இப்படிச் சொன்னால் என் பிழைப்பு என்ன ஆகும் என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 1, சனி

எஸ்தர் மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பானை ஓடுகளைக் கழுவும் தொட்டியில் ஓட்டை. எம்சீல் வாங்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சற்குணம் பேசினான். ரொம்ப மரியாதையாகப் பேசினான். எடைக்கல் என்ன வகைக் கல் வடிவு, கருங்கல்லா, சூதுபவளமா என்று கேட்டான். பரிசோதனையில் இருக்கிறது என்றேன். அப்படியா என்றான். அந்த அப்படியாவில் ஆலங்கரை முழுக்க இருந்தது.

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலையில் இன்னும் குழி மண்.

காலையில் இவர் ஒரு பெண்ணுக்கு வண்டி கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். அந்தப் பெண் பெயர் மும்தாஜ், தபால் அலுவலகத்தில் வேலை. ஒரு மாதமாக ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் இவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தவள். அவள்தான் சமாதானபுரத்து நெரிசலில் ஆரன் மேல் கையை வைத்தபடி வண்டியை நேரே இந்த வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். நான் வரும்வரை போகாமல் இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

சிறுநீரகத்தில் கல். அது இறங்கிக் குழாயை அடைத்து, உள்ளே சீழ் கட்டி, காய்ச்சல் ஏறியிருக்கிறது. டாக்டர் நஜ்முதீன் மேலப்பாளையத்துக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் ஒரு சிறுநீரகம் போயிருக்கும், ஆளும் போயிருக்கலாம் என்று அதே குரலில் சொன்னார். முதலில் டியூப் வைத்துச் சீழை இறக்குகிறார்களாம். காய்ச்சல் தணிந்ததும் கல்லை எடுப்பார்களாம்.

எத்தனை நாளாக வலி என்று கேட்டார். பொங்கலிலிருந்து என்று இவர் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

நாளெல்லாம் வண்டியில் உட்கார்ந்து, நடுவில் இறங்க வேண்டிவரும் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். வீட்டில் இருக்கும்போது நான்தான் சொம்பில் தண்ணீர் வைத்துத் திட்டிக்கொண்டே இருப்பேன்.

மார்ச் 13, வியாழன்

காய்ச்சல் நூற்றிமூன்று. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டார். இந்த இட்லியைத் தாழியில் போட்டு வைத்தால் ரெண்டாயிரம் வருஷம் அப்படியே இருக்கும் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிளட்ச் போனது பொய்தானே என்று கேட்டேன். "நீ கூட்டம் வருதுன்னு அல்லாடிக்கிட்டிருந்த. இதுல நான் வேறயா" என்றார். மடையன் என்று சொன்னேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 19, புதன்

நேற்றுக் கல்லை எடுத்துவிட்டார்கள். முதுகில் சின்னத் துளை போட்டு, உள்ளேயே உடைத்து எடுத்தது. ஆள் நன்றாக இருக்கிறார். அதை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் இனி எழுதப்போவது வேறு.

காலையில் டாக்டர் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். பெரிய துண்டு ஒன்றைத் தன் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். மங்கிய பழுப்பு. உடைந்த பக்கத்தில் அடுக்கு அடுக்காக வரிகள்.

"கால்சியம் ஆக்சலேட்டும்மா. நம்ம பக்கத்து வெயிலுக்கு நூத்துக்கு எழுபது எம்பது பேருக்கு இந்தக் கல்லுதான்."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். எஸ்தர் போனில் சொன்ன அதே பெயர். நெல்லிக்காய் அளவுக்கு இது வளருமா என்று கேட்டேன். அவர் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, இவருக்கு அப்படியெல்லாம் இல்லை என்று சமாதானம் சொன்னார். இவருக்கு இல்லை டாக்டர், வேறொருவருக்கு என்றேன். சிறுநீர்ப்பையில் தங்கிவிட்டால் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வளரும், எலுமிச்சம்பழ அளவுகூடத் தன் கையால் எடுத்திருப்பதாகச் சொன்னார். அப்படிப்பட்டவருக்கு வலி இருக்குமா என்று கேட்டேன். "நரகம்மா" என்றார்.

பிறகு, யார் அந்தப் பேஷண்ட், உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

அவர் செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று சொன்னேன். கட்டிலில் படுத்திருந்த இவர், டியூபெல்லாம் மாட்டியபடி, "வடிவு, உன் எடைக்கல்லா?" என்று எழுந்து உட்காரப் பார்த்தார். நாங்கள் இருவருமாக அமுக்கிப் படுக்க வைத்தோம்.

மார்ச் 20, வியாழன்

எஸ்தரின் ஆய்வகத்துக்கு நேரில் போனேன். போகும்போது அவளுக்குப் பிடித்த மக்ரூன் வாங்கிக்கொண்டேன். அவள் டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"இது மனுஷன் உடம்புல விளையுற கல்லா இருக்கும்னுதான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீதான் போனை வச்சிட்டியே."

மூன்று வாரம். நான் காதைத் திறந்து வைத்திருந்தால் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அதைவிட, உடம்பில் கல் என்ற வார்த்தை அன்றைக்கே என் காதில் விழுந்திருந்தால் பாளையங்கோட்டைக்கு ஒரு போன் போட்டு, அந்த இடுப்பு வலி என்ன என்று கேட்டிருப்பேனோ என்னவோ. இதை எஸ்தரிடம் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. சின்னதாக உருண்டையாக வந்தால் விளையாட்டுக்கான ஆட்டக்காய், கொஞ்சம் பெரிதாக வந்தால் எடைக்கல், ஒன்றும் புரியாவிட்டால் சடங்குப் பொருள். பானை, மணி, காசு என்று மனிதன் கையால் செய்ததையே தேடித் தேடிப் பழகிவிட்டது. இது ஒரு மனிதனின் உடம்பே செய்தது. அதைத் தூக்கித் தராசில் வைத்தேன்.

எஸ்தர் சும்மா விடவில்லை. பொடி மட்டும் போதாது, உள்ளே அடுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். வெட்டக் கூடாது என்றேன். வெட்டாமலும் பார்க்கலாம், உன் டாக்டரிடம் மிஷின் இருக்குமே என்றாள்.

மார்ச் 26, புதன்

கல்லை ஸ்கேன் செய்ய இயக்குநரின் அனுமதி நேற்று வந்தது. காரணம் கேட்டார், ஸ்கேன் முடிந்ததும் சொல்கிறேன் என்றேன்.

காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்னால் கல்லைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் வைத்து, ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனேன். மிஷினை ஓட்டுகிற தம்பி பெயர் இல்லாமல் கம்ப்யூட்டர் உள்ளே விடாது என்றார். நரியம்பொட்டல் என்று போடச் சொன்னேன். இனிஷியல் கேட்டார். தாழி என்பதால் தா என்றேன். வயது கேட்டார். டாக்டர் நஜ்முதீன் நூற்றிருபதுக்கு மேல் அது வாங்காது, நாற்பத்தைந்து என்று போடு, செத்தபோது அவ்வளவுதான் இருக்கும் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கட்டில் உள்ளே போய் வெளியே வந்தது. திரையில் கல் குறுக்கே வெட்டினாற்போல் விரிந்தது. நடுவில் ஒரு சின்ன விதை. அதைச் சுற்றி வளையம், வளையத்தைச் சுற்றி வளையம். சில இடத்தில் நெருக்கம், சில இடத்தில் அகலம். மரத்தை அறுத்தால் தெரிவது போலத்தான் இருந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு வளர பத்து வருடமாவது ஆகியிருக்கும், பத்து வருடமும் இந்த மனுஷன் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் துடித்திருப்பார், கடைசியில் அடைத்துக்கொண்டிருக்கும் என்று மெல்லச் சொன்னார். இன்றைக்கு என்னிடம் வந்திருந்தால் மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்றும் சொன்னார்.

மார்ச் 29, சனி

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. வாழைத்தண்டு நறுக்கி நறுக்கி விரலெல்லாம் கறுத்துவிட்டது.

சாப்பிட்டபின் தாழியின் படங்களைக் காட்டினேன். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கல் எலும்போடு கலந்து கிடந்திருந்தால் அது தானாக வந்தது என்று சொல்லலாம். ஆனால் எலும்பைப் பொறுக்கிய சொந்தக்காரர்கள் அதைக் கண்டெடுத்து, தனிக் கிண்ணத்தில் வைத்து, மூடி, களிமண்ணால் அடைத்திருக்கிறார்கள். என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் எறியாமல் ஏன் வைத்தார்கள்? வைத்ததை ஏன் அடைத்தார்கள்?

இவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முதுகைத் தடவிக்கொண்டே, "மூடாம எப்படி வைப்பாங்க? அவன் உடம்புல உண்டானது, தூக்கி எறிய மனசு வராது. ஆனா மறுபடி அவன்கிட்ட போயிரக் கூடாதுல்லா" என்றார்.

நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஏப்ரல் 2, புதன்

காலக்கணிப்புக்குக் கல்லிலிருந்து ஒரு கிள்ளு வேண்டும். யோசனை எஸ்தருடையது. கல்லுக்குள் இருக்கும் கார்பன் அந்த மனிதன் உயிரோடு இருந்தபோது அவன் உடம்பிலிருந்து சேர்ந்தது. அதே தாழியின் பல் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் இரண்டு தேதியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நான் சொல்வதெல்லாம் கதை.

வெட்டவே கூடாது என்று குதித்தவள், இன்று நானே சுரண்டினேன். எஸ்தர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்

சென்னை. மறுஆய்வுக் கூட்டம். வரிசையாக எழுத முயல்கிறேன்.

எனக்கு முன்னால் சற்குணம் பேசினான். எழுத்துப் பொறித்த ஓடுகள், தங்கம், செங்கல் சுவர். கைதட்டல். அடுத்து என் பெயர். கடைசி வரிசையில் இவர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் போகலாம் என்றார் என்று சொல்லிக் கூடவே வந்துவிட்டார். கையில் ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

"எடைக்கல் கிடைத்ததாக நான் அறிக்கை அனுப்பியிருந்தேன். அது தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்" என்றுதான் தொடங்கினேன். இயக்குநர் முகம் சுருங்கியது. அப்படி ஓர் அறிக்கையைத் திரும்பப் பெற்றவர்கள் எங்கள் துறையில் யாரும் இல்லை. இரண்டாவது பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

பிறகு ஸ்கேன் படத்தைப் போட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் சிறுநீரகத்தில் விளைந்ததன் படத்தையும். இடது பக்கம் நரியம்பொட்டல், வலது பக்கம் பாளையங்கோட்டை, இரண்டும் ஒரே பொருள், ஒரே அடுக்கு என்றேன். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. கடைசி வரிசையிலிருந்து இவர் லேசாகக் கையை உயர்த்தி எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சற்குணம் எழுந்து கேள்வி கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் கல் அந்த ஆளுடையதுதான் என்று எப்படிச் சொல்கிறாய், வேறு யாருடையதாகவோ, வேறு காலத்தியதாகவோ இருக்கலாமே என்றான். இருக்கலாம் என்றேன். பல்லும் கல்லும் காலக்கணிப்புக்குப் போயிருக்கின்றன, ஒத்துப்போகாவிட்டால் இதையும் இதே இடத்தில் நின்று திரும்பப் பெறுவேன் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான்.

குழுத்தலைவர் பேராசிரியர் அம்பலவாணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் மூடி போட்டார்கள் அம்மா என்று கேட்டார்.

"அறிவியலால் அதைச் சொல்ல முடியாது ஐயா. ஆனால் அதே வலியை அனுபவித்தவர் ஒருவர் சொன்னார். அந்தக் கல் மறுபடியும் அவரிடம் போய்விடக் கூடாது என்று மூடியிருப்பார்கள் என்றார்."

இயக்குநர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சற்குணம் குனிந்து எதையோ எழுதுவது போல் இருந்தான், பேனா நகரவில்லை.

தீர்ப்பு: தேதி வரும்வரை நரியம்பொட்டலை மூடக்கூடாது. ஆனால் வேலையும் நடக்காது. கருவிகள் தற்காலிகமாக ஆலங்கரைக்கு.

ஏப்ரல் 22, செவ்வாய்

சற்குணத்தின் லாரி வந்து சல்லடை, அளவுக் கருவி, கூடாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. குழிக்குத் தார்ப்பாய் கட்டினோம். சீனித்தாய் நூறுநாள் வேலைக்குப் போகிறேன், கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்றாள். கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

மே 18, ஞாயிறு

தேதி வரவில்லை. இவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்ப்பதே இப்போது என் உத்தியோகம்.

ஜூன் 19, வியாழன்

இன்று ஓட்டுநர் உரிமத் தேர்வு. மும்தாஜுக்கும் இன்றுதான். அவள் தேர்வை நேரில் பார்க்க வேண்டும் என்று இவரோடு மைதானத்துக்குப் போயிருந்தேன். அவள் எட்டு போட்டுக்கொண்டிருந்தாள், மோட்டார் வாகன ஆய்வாளர் பக்கத்தில். என் போனில் மின்னஞ்சல் மணி அடித்தது.

பல்: இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன். கல்: இரண்டாயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது எது என்று பிரிக்க முடியவில்லை.

நான் கத்திவிட்டேன். வார்த்தையெல்லாம் இல்லை, வெறும் கத்தல். மும்தாஜ் பயந்துபோய் கம்பத்தில் இடித்துவிட்டாள். ஆய்வாளர் இறங்கி வந்து, என்ன சத்தம் என்று என்னைக் கேட்டார். அறுவைசிகிச்சை செய்த முதுகோடு இவர் ஓடி வந்து, கோபப்படாதீங்க சார், ரெண்டாயிரம் வருஷமா காத்திருந்த ரிசல்ட் இன்னைக்குத்தான் வந்திருக்கு என்று சொல்லி, அந்த மனுஷரிடமும் தாழிக் கதையை ஆரம்பித்துவிட்டார். ஆய்வாளர் அப்பாவுக்கும் கல் பிரச்சினையாம். முழுதும் கேட்டார். மும்தாஜுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். இந்த முறை ரிவர்ஸ்கூட எடுத்தாள்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். இந்த முறை அவள் பேசி முடிக்கும்வரை போனை வைக்கவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை, அழுதாள். நாங்கள் படித்த காலத்தில் தேர்வு முடிவுக்குக்கூட அழாதவள். டாக்டர் நஜ்முதீன் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, பேஷண்டுக்கு என் சலாம் சொல்லுங்கள் என்றார்.

நான் நினைத்தது கிடைக்கவில்லை. வியாபாரி கிடைக்கவில்லை, வாணிபப் பாதை கிடைக்கவில்லை. ஒரு நோயாளி கிடைத்தான். அவன் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்த அவன் வீட்டு மனிதர்கள் கிடைத்தார்கள். எந்தத் தங்கமணியோடும் இதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. நரியம்பொட்டலுக்கு இன்னும் மூன்று பருவம். ஆய்வுக்குழுவில் ஒரு பொருளறிவியலாளரும் ஒரு மருத்துவரும் இருப்பார்கள். அவர்கள் பெயரை நான் எழுதிக்கொடுத்தேன்.

காலையில் ஆலங்கரை லாரி எங்கள் கருவிகளோடு திரும்பி வந்தது. முன் சீட்டிலிருந்து சற்குணமே இறங்கினான். மடியில் ஒரு அட்டைப்பெட்டி. நிறைய உருண்டைகள். ஆட்டக்காய் என்று முத்திரை குத்தி வைத்துவிட்டோம், இப்போது தூக்கம் வரமாட்டேன் என்கிறது, நீயே பார்த்துச் சொல்லு என்றான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் சுட்ட மண். ஆட்டக்காயேதான் சற்குணம், நிம்மதியாகத் தூங்கு என்றேன்.

போகும்போது லாரிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னான்: "அன்னிக்குக் கூட்டத்துல நீ அதைத் திரும்ப வாங்கினப்போ, இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். எனக்கு அந்தத் தைரியம் வராது வடிவு."

முப்பது வருடமாக அவன் வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்டது வேறு ஏதோ. கேட்டபின் இதுதான் என்று தெரிந்தது.

தார்ப்பாயை அவிழ்த்தோம். சீனித்தாய் தன் ஆட்களோடு வந்துவிட்டாள். மழைக்குச் சுவர் கொஞ்சம் கரைந்து, அதில் எட்டாவது தாழியின் விளிம்பு வளைந்து தெரிந்தது. ஏணியைக் கொண்டுவரப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் குழிக்குள் குதித்துவிட்டேன். முட்டி வீங்கியிருக்கிறது. நாளைக்கும் குதிப்பேன்.